கழுத்தளவு

கிற்றாருக்கும் கழுத்துண்டு, தோளுண்டு, இடுப்புண்டு.
அந்தத் துணிவில்தான் தொடங்கினேன்.
பதின்மூன்று வருசமாய் மல்லாவிச் சந்தியில்
அளவெடுப்பதைத் தவிர வேறென்ன செய்தேன்?
சறோ ரீச்சரின் மகன் கவுண்டரில் சாத்திவிட்டுப்போன கிற்றாரை
நாடாவால் சுற்றி அளந்து
கடதாசியில் வெட்டி வைத்துக்கொண்டேன்.
ஆறு நரம்பு எனக்கு அதிகம்.
நாலு போதும்.

முதலாவதை மாரியில் ஒட்டினேன்.
பலகை ஈரம் குடித்து ஊதிக் கிடந்தது தெரியாது.
ஆனியில் கச்சான் எழும்பி
செம்புழுதியை வீட்டுக்குள் கொட்டின மூன்றாம் ராத்திரி
படாரென்று ஒரு சத்தம்.
பாம்பென்று மயூரதி கட்டிலில் ஏறி நின்றாள்.
மேற்பலகை நடுவால் பிளந்திருந்தது.
துணியென்றால் உள்ளுக்கு மடித்து அடித்துவிடுவேன்.
மரத்தில் எங்கே மடிக்க?

பருத்தியை வெட்டமுன் நனைத்துக் காயப்போடுவேன்,
சுருங்குவது முதலே சுருங்கட்டுமென்று.
மரத்துக்கும் அதே நியாயம்,
நனைக்கத் தேவையில்லை,
காத்திருக்கத் தெரியவேணும்.

இரண்டாவதன் பக்கங்களை இஸ்திரிப்பெட்டியால் வளைத்தேன்,
ஈரச்சாக்கு விரித்து, ஆவி எழ எழ,
அக்குள் வளைவு திருப்பும் பொறுமையோடு.
வளைந்தது, முறிந்தது.
வளைந்தது, கருகியது.
பெட்டியில் ஒட்டிய மரச்சாறு
அடுத்தநாள் ஒரு வெள்ளைப் பள்ளிச்சட்டையில்
மஞ்சள் கோடாய் இறங்க
பிள்ளையின் தாயிடம் பேச்சு வாங்கினேன்.
சட்டைக் காசையும் கொடுத்தேன்.

மூன்றாவதற்கு
போன மாரி சரிந்த வளவு வேம்பு.
வாள்பட்டறைக் கிருபைநாதன் வந்து
மரத்தை ஒருதரம் சுற்றி நடந்தான்.
"உங்கட பக்கத்து மரம் நான் அரியமாட்டனக்கா.
உள்ளுக்கு இரும்பு கிடக்கும். வாளின்ர பல்லுப் போயிடும்."
கைவாளால் அரிந்தோம், நானும் மயூரதியும்,
நாலு ஞாயிறு.

நாலாம் ஞாயிறு வாள் கிறீச்சிட்டது.
அவள் கையை விட்டுத் தள்ளி நின்றாள்.
நானும் நின்றேன்.
கோழி ஒன்று மரத்தூளைக் கிளறிவிட்டுப் போனது.
பிறகு உளியால், நகத்தால் சுரண்டுவதுபோல் மெல்ல.
ஆணி.
மூன்றங்குல ஆணி,
தலையடியில் நீலத் தறப்பாள் துணுக்கு.
நான் அடித்தது.
திரும்பி வந்த முதல்நாள்
சுத்தியல் இல்லாமல் கல்லால் அடித்தது.
அவளுக்கு அப்போது இரண்டு வயது.
"இதுக்கோ இவ்வளவு பயந்தனாங்கள்?" என்றாள்.

ஆணியைச் சுற்றி மரம் கறுத்திருந்தது,
மை ஊறின மாதிரி.
அந்தப் பலகையைப் பின்பக்கம் போட்டேன்,
வாசிப்பவரின் வயிற்றோடு படுகிற பக்கம்.

கழுத்துக்கு முதிரை. நரம்புக்கு
முல்லைத்தீவுத் தங்கூசி, நாலு பருமனில்.
பசை காயும்வரை இறுக்கிக் கட்ட
சைக்கிள் ரியூப் கீலம்.
கழுத்தில் கம்பி பதிக்கிற இடத்துக்குக் கணக்கிருக்கிறது:
நீளத்தைப் பதினெட்டால் பிரி, ஒரு பங்கு தள்ளி முதற்கம்பி.
மிச்சத்தை மறுபடி பதினெட்டால்.
மயூரதி போனில் தட்டிப் பார்த்து,
"பதினெட்டில்லையம்மா, கொஞ்சம் குறைய" என்றாள்.
அந்தக் கொஞ்சத்துக்காக
பதித்த கம்பி அத்தனையும் பிடுங்கினோம்.

எனக்கு வாசிக்கத் தெரியாது.
மெசினுக்கு மேலே சுவரில் தொங்கவிட்டேன்
(புது ஆணி).

நேற்று பள்ளிச் சீருடை முப்பது.
மிதித்துக்கொண்டிருக்கையில் ஆரோ முனகினார்கள்.
நிறுத்தினேன், நின்றது.
கூட்டி மிதித்தால் இல்லை.
குறைத்தால் இல்லை.
ஒரேயொரு வேகத்தில் மட்டும்
இரண்டாம் நரம்பு
ஒருவரும் தொடாமல் அதிர்ந்தது.

"அம்மா, துணி முடிஞ்சுது" என்றாள் மயூரதி.
தெரியும்.
வேகத்தை விட மனமில்லாமல்
வெறும் ஊசியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.