சிவப்புக் கிளிப்

"டீச்சர், ஒண்டுக்கு."

ஒன்று என்ற எண்ணை நான் எழுதிக் காட்டுமுன்பே
அது எதற்கு என்று தெரிந்துகொண்டுதான்
வந்து சேர்ந்தார்கள்
கொட்டாஞ்சேனையில், என் தரம் ஒன்றுக்கு.

நாற்பத்தொரு பேர்.
கக்கூஸ் மூன்று. ஒன்றில் கொண்டி இல்லை,
ஒன்றுக்குள் உடைந்த வாங்குகள் அடுக்கிக் கிடக்கின்றன.
பத்தரைக்குப் பிறகு பைப்பில் காற்றுத்தான் வரும்.

ஒரு பிள்ளை எழும்பினால் வரிசையே எழும்பும்,
கொட்டாவி மாதிரித் தொற்றிக்கொள்ளும்.
ஆமர் வீதியில் உடுப்புக் காயப்போட வாங்கிய டசினில்
இரண்டு கிளிப்பைக் கொண்டு வந்தேன்.
சிவப்பு பெண்பிள்ளைகளுக்கு, நீலம் பையன்களுக்கு.
கொலரில் குத்திக்கொண்டு போ.
கிளிப் திரும்பி வந்தால்தான் அடுத்த ஆள்.

சட்டம் நன்றாகத்தான் வேலை செய்தது.
வாசிப்புப் பாடம் தொடங்கினால்
அப்னாஸுக்கு வரும்,
தன் முறைக்கு இரண்டு பேர் முன்னதாக, துல்லியமாக.
டிலோஜினிக்கு அவசரமே இல்லை.
போகிற வழியில் தரம் மூன்றின் ஜன்னலில்
அக்காவுக்கு நாக்கைக் காட்டவேண்டும், அவ்வளவுதான்.
"ரெண்டுக்கு" என்று போன றொமாரியோ
துறைமுகத்தில் கப்பல் ஊதியதை எண்ணிவிட்டு வந்தான்.
"மூண்டு, டீச்சர்."

எல்லாரும் எனக்குப் பிடிபட்டுவிட்டார்கள்
என்றிருந்த ஒரு செவ்வாய்,
கிருஷாலி கையை உயர்த்தினாள்.
சிவப்பு வெளியே போயிருந்தது.
"கொஞ்சம் பொறு" என்றேன்,
ஏழும் இரண்டும் எத்தனை என்று பலகைக்குத் திரும்பினேன்.
பொறுத்தாள்.
சொன்னால் பொறுக்கிற பிள்ளை.

வாங்குக்குக் கீழே அது மெல்ல ஓடி வந்தபோது
ஒருவரும் சிரிக்கவில்லை.
மட்டக்குளிப் பக்கத்துப் பிள்ளைகள்
வீட்டுக்குள் வெள்ளம் வந்து பழகியவர்கள்.
பேசாமல் கால்களைத் தூக்கிக்கொண்டார்கள்,
பிறகு புத்தகப் பைகளை.

இப்போது அலுமாரியில் மூன்று வெள்ளைச் சட்டை வைத்திருக்கிறேன்.
கிளிப் வெளியே இருந்தாலும்
முகத்தைப் பார்த்து அனுப்புகிறேன்.
பல முறை ஏமாறுகிறேன்.

வத்தளையில் ஆறேகாலுக்கு பஸ் ஏறினால்
ஒன்றரை மணி வரை நானும் பொறுக்கிறவள்தான்.
பதினெட்டு வருடம்.
ஸ்கேனைத் தூக்கிப் பிடித்து டொக்டர் கேட்டார்,
"தண்ணி குடிக்கிறதே இல்லையா?"
குடித்தால் யாரிடம் கேட்டுவிட்டுப் போவது
என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

நேற்று, கழித்தலின் நடுவில்,
சிவப்புக் கிளிப்பை எடுத்துச் சாரித் தோளில் குத்தினேன்.
"பிள்ளைகள், எனக்கு ஒண்டுக்கு."

நாற்பத்தொரு வாய் திறந்தபடி.
கிருஷாலிதான் யோசித்துவிட்டுச் சொன்னாள்:
"சரி, போங்க.
தண்ணியில விளையாடாம கெதியா வரணும்."

கொண்டியில்லாத கதவை ஒரு கையால் இழுத்துப் பிடித்திருந்தேன்.
எங்கோ கப்பல் ஊதியது.
றொமாரியோ பொய் சொல்லவில்லை,
அங்கே நன்றாகத்தான் கேட்கிறது.