எடைமேடைச் சீட்டு

கருப்பூர் தாண்டி எடைமேடைக்கு முன்னால்
பதினோரு லாரி. என் ஸ்கூட்டர் பன்னிரண்டாவது.
ஹெல்மெட் கண்ணாடி முழுக்க வெள்ளைக்கல் தூசு.
ஒரு விரலால் துடைத்தேன்:
ஒரு விரல் அகலத்துக்குச் சேர்வராயன் மலை.

கூண்டுக்குள்ளிருந்து இருதயமேரி கைகாட்டினாள்.
ப்ளஸ் டூவில் ஒரே பெஞ்சு.
"உள்ளே வா, ஃபேன் இருக்கு."

நிறைவண்டி ஏறுகிறது.
சிவப்பு எண் கொஞ்சம் துடித்து நிற்கிறது.
வெறும்வண்டி எடையைக் காலையிலேயே எழுதியாயிற்று.
கழித்தால் கல்.

என் வேலையும் இதுதான் என்றேன்.
வெகுதூரத்தில் ஒரு விளக்கு, நடுவில் ஒரு கேலக்ஸி,
அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தட்டுப்படாத வாயு.
வந்திருக்க வேண்டிய ஒளியில்
வந்த ஒளியைக் கழித்தால்
வழியில் தின்றது யாரென்று தெரியும்.
மெக்னீசியம் கடித்தால் இரண்டு பல் பதியும்,
இருநூற்று எண்பது நானோமீட்டரை ஒட்டி.

"நம்ம கல்லுல இருக்கிறதா?"
அதேதான்.
"அப்ப ஏற்காட்டுக்கு மேல ஏறிப் பாரேன்."

இருபது கொண்டை ஊசி ஏறினாலும் கிடைக்காது, மேரி.
அந்த நிறத்தை ஓசோன் குடித்துவிடும்.
இதில் வேடிக்கை,
எங்கோ தொலைவில் விலகி ஓடும் கேலக்ஸியின் பல்தடம்
நீண்டு, சிவப்புப் பக்கம் சாய்ந்து
தரைவரை வந்துவிடுகிறது.
பக்கத்தில் இருப்பதுதான் வாய் திறப்பதில்லை.

"எங்க தெருவும் அப்படித்தான்."

ஆகவே மேலே ஒரு கண்ணாடி.
ஆறு மீட்டர்; சில கூட்டங்களில் எட்டு.
இன்னும் ஒரு திருகுகூட முறுக்கவில்லை.
அது எதைப் பார்க்க வேண்டும் என்று
இருபத்திரண்டு பக்கம், இன்று ராத்திரிக்குள்.
அது கண் திறக்கும்போது எனக்கு அறுபத்து மூன்று.

அதில் விழப்போகும் ஒளி மட்டும்
யாரையும் கேட்காமல் எப்போதோ கிளம்பிவிட்டது.
முந்நூறு கோடி ஆண்டு நடந்து
இந்த மத்தியானம்
திருவோண நட்சத்திரத்தின் தொலைவுக்குச் சற்று வெளியே
வந்துகொண்டிருக்கிறது.
இன்னும் இருபது வருடம்.
பட்ஜெட் வெட்டு பற்றி அதற்கு யாரும் சொல்லவில்லை.

மேரிக்கு இதெல்லாம் ஒட்டவில்லை.
"சரி, எத்தனை டன்?"

யாரும் என்னை இப்படிக் கேட்டதில்லை.
கிழித்துப்போட்ட சீட்டின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன்.
நாலு. அப்புறம் முப்பத்து மூன்று சைபர்.

"கரெக்டா?"

ஒரு சைபர் முன்னே பின்னே இருக்கும்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.
"ஒரு சைபரா!
இங்க இருபது கிலோ மாறினா
ஓனர் வீட்டுக்குப் போன் போடுவார்."

அந்த ஒரு சைபருக்குத்தான், மேரி,
அவ்வளவு பெரிய கண்ணாடி.

வெளியே ஹாரன். டிரைவர் மாதையன்
கதவில் தட்டித் தட்டிப் பாட்டுப் போல் திட்டுகிறார்.
அவள் என் கையிலிருந்து சீட்டை வாங்கித் திருப்பினாள்.
வண்டி எண்: கோடு.
வெறும் எடை: கோடு.
சரக்கு என்ற இடத்தில் 'மெக்' என்று எழுதி
தேதி போட்டு
முத்திரையை வாயால் ஊதிக் குத்தினாள்.

"மை காயற வரைக்கும்
மடிக்காதே."