கடன் வரி

ஞாயிறன்று மண்டபத்தில் முந்நூறு நாற்காலி.
நீ வராவிட்டால் உன் நாற்காலியை மடக்கிச்
சுவரோடு சாய்த்துவிடுவார்கள், அவ்வளவுதான்.
யாரையும் குறை சொல்லவில்லை.
நானே மடக்கியிருக்கிறேன் பல பேரை.

புதனன்று அது நடக்காது.
தோல்கோர்சுரென் வீட்டில் மொத்தமே ஏழு பேர்.
அவள் பல்செட் செய்கிறவள். ஜன்னலோரம்
யார் யாருடைய சிரிப்போ காய்ந்துகொண்டிருக்கும்.
ஒன்பதாம் மாடி. லிஃப்ட் அக்டோபரில் நின்றது.
ஏறி வந்தவர்கள் மூச்சு வாங்குவதுதான்
எங்கள் முதல் ஜெபம்.

உப்புப் போட்ட பால் தேநீர்.
எனெபிஷ் சுருதி சேராமல் பாடுவான், உரக்க.
ஓடோன்சிமெக் ஒரு வசனத்தைப் பிடித்தால்
கடைசி டிராலி பஸ் போய்விடும்;
பகலெல்லாம் அதை ஓட்டுகிறவள் நான்,
இரவில் எனக்கு நடைதான் கதி.
அப்புறம் நெர்குயி.

பிள்ளை தக்காத வீட்டில்
கெட்ட ஆவிகளை ஏமாற்றப் பெயர் வைப்பது இங்கே வழக்கம்.
எனெபிஷ் என்றால் ‘இவனல்ல’.
நெர்குயி என்றால் ‘பெயரில்லை’.
ஆவிகள் ஏமாந்தனவோ என்னவோ,
மொழி அரைகுறையாய்த் தெரிந்த கொரிய மிஷனரி ஏமாந்தார்:
சபைப் பதிவேட்டில் அவன் பெயருக்கான கட்டம்
இன்றும் காலிதான்.

அந்தக் காலிக் கட்டம் என்னிடம்
எண்பதாயிரம் துக்ரிக் கடன் வாங்கியது.
ரேடியேட்டர் உறைந்து வெடித்ததாம்,
கோடையில் தருவானாம்.
கோடை போயிற்று. துல் ஆறு உறைந்தது.
ஒரு புதனன்று படிக்கட்டில், ஐந்தாம் மாடியில்,
அவன் மகள் பக்கத்தில் நிற்கக் கேட்டேன்.
கேட்டேன் என்பது மரியாதைக்கு.
கத்தினேன்.
மேலே நாலு மாடி மீதமிருந்தது.
அவன் ஏறவில்லை.

மூன்று புதன்.
வழி விலகிய சகோதரனுக்காக என்று
எல்லோரும் கண் மூடினார்கள்.
நானும் மூடினேன், எல்லோரையும்விட இறுக்கமாக.
ஏன் வரவில்லையோ என்றார்கள்.
குளிராயிருக்கும் என்றேன்.
வெளியே பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்திரண்டு;
முழுப் பொய்யுமில்லை.

மூன்றாம் புதன், முடிக்கிற நேரம்,
ஆண்டவர் கற்றுத்தந்த ஜெபம்.
அப்பம் வரைக்கும் வந்துவிட்டேன்.
அடுத்தது கடன் வரி.
கம்பியை விட்டு நழுவிய டிராலி பஸ் மாதிரி
அங்கேயே நின்றது நாக்கு.

முந்நூறு குரலில் ஒன்று நின்றால்
கூரைக்குக்கூடத் தெரியாது.
எத்தனை ஞாயிறு அந்த வரியில்
வெறுமனே வாயசைத்திருக்கிறேன்!
ஆறில் ஒன்று நின்றால்
மற்ற ஐந்தும் இடறும்.
இடறின.
சுருதியே தெரியாத எனெபிஷ்தான்
முதலில் கண் திறந்தான்.
“நீ நின்னுட்டே” என்றான்.

சொன்னேன். அழகாகச் சொல்லவில்லை.
பாதியில் தொகையைக் கூட்டிச் சொல்லி
மறுபடி திருத்தினேன்.
யாரும் வசனம் எடுக்கவில்லை.
தோல்கோர்சுரென் அடுப்பை அணைத்தாள்,
ஆணியிலிருந்து கோட்டை எடுத்தாள்.

ஐந்து பேர் வண்டியில் ஆறு பேர்.
சிங்கெல்தேய் மேடு, பலகை வேலிகள்,
கரிப்புகையில் விளக்கெல்லாம் மஞ்சள் கறை.
நாய்தான் எங்களை அறிவித்தது.
கூடாரக் கதவைத் திறந்தவன்
“பணமில்லை” என்றான்.
வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியம் தொலைந்துபோய்
“உன் மகளிடம் பேசணும்” என்றேன்.

அவள் பூட்ஸ் நாடாவைப் பார்த்தபடியே
கேட்டுக்கொண்டாள். பதில் இல்லை.
ஆனால் அடுப்போரம் கொஞ்சம் நகர்ந்தாள்,
ஓர் ஆள் உட்காரும் அளவுக்கு.

அந்தப் பணம் இன்னும் வரவில்லை.
மறந்துவிட்டேன் என்று எழுத ஆசைதான்,
சம்பள நாளன்று ஞாபகம் வருகிறது.
புதன்தோறும் அப்பத்தைத் தாண்டியதும்
எதிரே அவன் இருக்கிறான்,
அவனுக்கு எதிரே நான்.
வாரம் ஒருமுறை எண்பதாயிரத்தை விடுகிறேன்.
வாரம் ஒருமுறை
அவன் ஐந்தாம் மாடியை விடுகிறான்.
அதைக் கடந்துதான் வந்தாகவேண்டும் இருவரும்.
லிஃப்ட்டை இன்னும் சரிசெய்யவில்லை.