ஒரு சொல்லுக்கான அட்டை

அந்தோஃபகாஸ்தாவில், துறைமுகம் பார்த்த மூன்றாம் மாடியில்
அறிவியல் அகராதிக்கு அட்டை எழுதுவது என் வேலை.
ஒரு சொல், ஓர் அட்டை, நான்கு வரி.
இந்த வாரத்துச் சொல்: ஃப்ராக்மென்தாசியோன். துண்டாதல்.

முதலில் நிபால்டோ சாயிரே, சுரங்கத்தில் வெடி வைப்பவர்.
தொலைபேசியில் கத்தித்தான் பேசுவார், காது அப்படி.
"வீடு மாதிரி கல் விழுந்தா லாரிக்கு ஆகாது.
மாவாப் போனா காசு காத்துல போச்சு.
முலாம்பழ அளவு. எழுதிக்கோ."

சிலோயே தீவிலிருந்து ரோசால்பா கயூல்
கடிதமே போட்டிருந்தாள், பேனா தாளைக் கிழிக்கிற அழுத்தத்தில்:
காடு குறைவது வேறு, காடு துண்டாவது வேறு, கலக்காதே.
சுக்காவோ என்றொரு குருவி, செம்மார்பு.
இறக்கை உண்டு, புல்வெளியைத் தாண்டாது.
நூறு எட்டுப் புல்
அதற்குக் கடல்.
எண்ணினால் மரங்கள் இருக்கின்றன;
காடு எங்கே என்று குருவியைக் கேள்.

வானாய்வகத்து எவாரிஸ்தோ சிரித்தான்.
குளிர்ந்த மேகம் தன் எடை தாளாமல் சரியுமாம்,
சரியும்போதே பிளக்குமாம்,
பிளந்தது ஒவ்வொன்றும் விண்மீனாகுமாம்.
"உடையாமல் இருந்திருந்தால் நமக்கு வெயில் ஏது?"

வேதியியல் கூடத்தில் மூலக்கூறை அடித்துச் சிதறவைத்து
சில்லுகளின் எடை பார்த்து
அதன் பெயரைக் கண்டுபிடிக்கிறார்கள்.
முழுசாக இருந்தவரை
அது யாரென்று யாருக்கும் தெரியாது.

தட்டைப்புழுவைப் பற்றி எழுதியவர் பெயர் போடவில்லை.
ஒரே வரி:
அதற்கு இதுதான் பிள்ளைப்பேறு.

அந்த வரியை வைத்துக்கொண்டு
மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன்.
கைப்பையில் இன்னொரு தாள் இருந்தது,
கருத்தரிப்பு மையத்திலிருந்து.
மூன்றாம் நாள். ஏழு செல்.
துண்டாதல்: இருபது விழுக்காடு.

நான்தானே அந்தச் சொல்லுக்கு அதிகாரி.
மருத்துவர் இஸ்மேனியாவைக் கூப்பிட்டு
அலுவலகக் குரலில் கேட்டேன்,
உங்கள் துறையில் இதன் பொருள்?
"செல் பிரியும்போது ஓரத்தில் உதிர்வது.
சில சமயம் செல்லே அதைத் திரும்ப உள்வாங்கிக்கொள்ளும்.
சில சமயம் இல்லை."
கொஞ்சம் நிறுத்தி,
"அகராதிக்கா கேட்கிறீர்கள்?"

ஆமாம் என்றேன்.

ஜன்னலில் கடல்பனி ஏறிக்கொண்டிருந்தது,
கிரேன்கள் பாதிப் பாதியாகத் தெரிந்தன.
சனிக்கிழமை ஐந்தாம் நாள்.
அதுவரை காத்திருக்கச் சொல்கிறார்கள், நானும் சொன்னேன்,
அட்டையிடம்.
நாலு வரியும் வெள்ளையாகவே பெட்டிக்குப் போயிற்று.

அகர வரிசையில் கொஞ்சம் தள்ளி ஃப்ராகுவாதோ.
குழைத்து ஊற்றிய சிமெண்ட்
கையை எடுத்த பிறகு,
யாரும் தொடாமல்,
தானாக இறுகிப் பிடிப்பது.

அதை எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.