பனிக்கு எத்தனை வீதம்

வங்கி என்னை அனுப்பியது, ஒரு கோப்பும் பேனையும் தந்து.
கிராண்ட்பாஸில் ஒருகாலத்துத் தேயிலைக் களஞ்சியம்.
வெளியே தார் இளகும் சித்திரை.
உள்ளே கால் வைத்ததும் மூக்குக்கண்ணாடி புகைந்து
நான் குருடன்.
"ஸ்வெட்டர் இருக்கு, போடுங்க" என்றது ஒரு குரல்.
முதுகில் மட்டையைக் கவ்விய காகம்.
பிறகு அதையும் பட்டியலில் எழுதினேன்:
ஸ்வெட்டர், நாற்பத்தொன்று. ஒன்று என் மேல்.

எட்மன் புள்ளைநாயகம்.
தலைவர், கொழும்புக் காகங்கள் ஐஸ் ஹொக்கிக் கம்பனி.
கோப்பில் அவர் வாழ்க்கை ஒன்றரைப் பக்கம்.
யூனியன் பிளேஸில் போட்டோக்கொப்பி மெஷின் விற்றவர்.
எண்பத்துநாலில் கனடா.
என் நாக்குக்கு வராத ஒரு சுரங்க நகரத்தில்
அரங்க வாசலில் டிக்கெட் கிழித்தவர்;
பிறகு தடுப்புச்சுவரில் விளம்பரம் விற்றவர்,
பிறகு பருவச் சீட்டு,
பிறகு ஆட்கள்.
உப தலைவரான நாள் வரைக்கும்
சறுக்குக் கத்தியில் ஒருதரம் நின்றதில்லை.
"நிக்கிறது என் வேலை இல்ல, தம்பி.
நிக்கிறவனுக்குச் சம்பளம் தேடுறது."

எண்ணத் தொடங்கினேன்.
சறுக்குச் சப்பாத்து நாற்பத்திரண்டு சோடி,
இடதுகால் மட்டும் இன்னொன்று.
ஆட்டத் தட்டு நூற்றுப்பதினாறு, குளிர்ப்பெட்டியில்,
ஒரு பாரை மீன் பொதிக்குப் பக்கத்தில்.
உறைந்தால்தான் துள்ளாமல் வழுக்குமாம்.
(பாரை காவலாளியுடையது. எழுதவில்லை.)
வலை இரண்டு.
அப்புறம் பேனை நின்றது.

கீழே அறுபது மீற்றர் வெள்ளை,
கனம் ஒன்றேகால் அங்குலம்.
இது சொத்தா?
சொத்தென்றால் தேய்மானம் எத்தனை வீதம்,
ஆண்டுக்கா, மணித்தியாலத்துக்கா?
அவர் மின்வெட்டு அட்டவணையை நீட்டினார்.
"நம்ம வலயத்துக்கு ரெண்டரை மணித்தியாலம்.
இதப் பாத்து எழுதுங்க."
நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.
இருமலாக்கிக்கொண்டேன்.

பின்கதவடியில், பனி சீவும் வண்டி கொட்டிய குவியல்.
மூன்று மீன்காரர் வாளி வாளியாய் அள்ளிச்
சூடையின் மேல், கும்பளாவின் மேல் போட்டார்கள்.
கூரை விளிம்பில் அசல் காகங்கள்.
"இதுக்கு எவ்வளவு வாங்குறீங்க?"
"எதுக்கு?"
"இந்த ஐஸுக்கு."
அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்,
தோல்வியடைந்த ஓர் ஆட்டத்தில்
தான் காணாத கோலை
யாரோ சொல்லிக் கேட்பவர்போல.
நாலு பருவம், ஏழு கோடி நட்டம்;
இந்த நகரம் தானாக வந்து கேட்ட ஒரே சரக்கு,
அதற்கு மட்டும் ரசீதுப் புத்தகம் இல்லை.

இயந்திர அறை. கம்ப்ரசர் ஒன்று, பாவித்தது.
"வாங்கின பில்?"
ஒரு ஒப்பந்தக் கடதாசி தந்தார்.
இடப்பக்கம்: கம்ப்ரசர், தொடர் இலக்கம், துபாய்.
வலப்பக்கம்: ஷிஹாம் ஜுனைடீன், மைய முன்களம்,
வயது இருபது, மாளிகாவத்தை.
காலிமுகத்திடலில் இறால் வடை வண்டிகளுக்கிடையே
ரோலர் சப்பாத்தில் வளைந்து திரிந்த பையன்.
"ஆளக் குடுத்தா வாங்கினீங்க?"
"அங்க அது வழமை. ஒருக்கா ஒரு பஸ்ஸுக்குக் குடுத்தேன்.
பஸ் எட்டு வருஷம் ஓடிச்சு."
எந்த நிரலில் போடுவது?
ஓரத்தில் சின்னதாய்க் கேள்விக்குறி இட்டேன்.

கரண்ட் போனது.
கம்ப்ரசர் இரண்டு தரம் செருமி அடங்கியது.
தண்டனைப் பெட்டியின் மரப் பலகையில்
இருவரும் உட்கார்ந்தோம், இருட்டில்.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
எங்கேயோ சொட்டத் தொடங்கியது.
நான் எண்ணினேன், பழக்கதோஷம்;
நானூற்றுச் சொச்சத்தில் விட்டுவிட்டேன்.

வெளிச்சம் வந்ததும் அவர் எழுந்து போய்
இயந்திரத்தின் விலாவில் உள்ளங்கையை வைத்தார்.
"நல்லா ஓடுறான்" என்றார்.
யார் என்று நான் கேட்கவில்லை.

வாசல்வரை வந்தார்.
கை கொடுக்கத்தான் என்று நினைத்தேன்.
"ஸ்வெட்டரக் கழட்டிட்டுப் போங்க, தம்பி.
எண்ணிட்டீங்கதானே."