மைனஸ் ஐந்து, தடாகம் ரோடு

செங்கல் சூளைக்கு மண் தோண்டிய குழி,
நாற்பதடி ஆழம்.
சூளை மூடிய மறு வருஷம்
அதன் ஓரத்தில் பனி மண்டபம் வந்தது.
வெளியே பங்குனி, முப்பத்தெட்டு டிகிரி.
உள்ளே மைனஸ் ஐந்து,
வாடகைக்கு ஜெர்கின்,
பிளாஸ்டிக்கில் ஊசியிலை மரங்கள்.

"சறுக்குத்தளம் போட்டுப் பெரிசு பண்றோமுங்க,
ஆனா பச்சையாப் பண்ணோணும்"
என்றார் முதலாளி சென்னியப்பன்.
அந்த 'ஆனா'வுக்குத்தான் என் சம்பளம்.

மூன்று நாள் அளந்தேன்.
ஆயிரத்து நூறடி போர்
எவ்வளவு தருகிறதென்று வாளி வைத்துப் பிடித்தேன்.
முதலில் காற்று வந்தது,
பேசுவதற்கு முன் இருமிக்கொள்கிறவரைப் போல.
பிறகு வந்த தண்ணீர்தான் பனியாகிறது,
மிதிபட்டு, ஐஸ்கிரீம் சிந்தி, பழுப்பாகி,
ராத்திரி சுரண்டப்பட்டு
பினாயிலோடு பள்ளத்தில் போய்ச் சேர்கிறது.

சுரண்டுகிறவள் நஞ்சி.
ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர்,
அதற்கு மேல் புருஷனின் காக்கிச் சட்டை.
"வெளிய போனா தலவலி, உள்ள வந்தா முட்டிவலி."
இரண்டு வலிக்கும் நடுவே
ஒற்றைக் கதவு, ரப்பர் கிழிந்தது.
கரண்ட் பில்லில் எட்டில் ஒரு பங்கு
அந்தக் கிழிசல் வழியாகத்தான்
தடாகம் ரோட்டைக் குளிர்விக்கப் போகிறது.

எழுதினேன்:
இரட்டைக் கதவு.
மலையின் தோளை வெட்ட வேண்டாம்,
குழியின் சரிவே போதும்,
லாரிகள் ஏற்கெனவே வெட்டி முடித்த சரிவு.
உருகிய நீர் வடிகட்டி மறுபடி பனிக்கே.
கூரையில் சூரியத் தகடு,
எந்த வெயிலோடு மல்லுக்கட்டுகிறோமோ
அந்த வெயிலையே வேலைக்கு வைப்போம்.
சுவருக்குத் தெர்மோகோல் கூடாது,
பொள்ளாச்சியில் குவிந்து கிடக்கும் தென்னைநார்த் தூளை
அழுத்திப் பலகையாக்கி, ஓரடி கனத்துக்கு.
மேற்கு மின்வேலியில் நாற்பது மீட்டர் எடுத்துவிடவும்.
யானை வழி.

எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தவர்
வேலியில் நின்றுவிட்டார்.
"அது ஒண்ண மட்டும் உட்டுருங்க மேடம்."

படிவத்தில் பதினான்கு வரிசை.
எதிலும் 'மூடிவிடலாம்' என்பதற்கு இடமில்லை.
பதினைந்தாவதாகப் பென்சிலில் எழுதி வைத்தேன்.
எழுத்துக் கூட்டிப் படித்தவள் நஞ்சிதான்.
"சூளயும் போச்சு. இதுவும் போனா?"
நான் அழிக்கவில்லை.
அடிக்கோடும் போடவில்லை.

சித்திரை பிறக்க நான்கு நாள் இருக்கையில்
சோதனைக்கு ஒரு சின்ன அறை,
நாலு பக்கமும் நார்த்தூள் பலகை.
பதினோரு மணிக்கு
வஞ்சிமுத்து கம்ப்ரசரை நிறுத்தினான்.
இத்தனை நாளும் அது கத்திக்கொண்டிருந்தது
அப்போதுதான் தெரிந்தது.
சில்வண்டு. கணுவாய்ப் பக்கம் ஒரு நாய்.
நஞ்சியின் மூக்குறிஞ்சல்.

பன்னிரண்டு: மைனஸ் நாலு புள்ளி ஏழு.
ஒன்று: நாலு புள்ளி மூன்று.
பழைய சுவரென்றால் இந்நேரம்
தரையெல்லாம் தண்ணீர்.
"தேங்காத்தூளு செயிச்சுப்போட்டுதுங்கோ"
என்று வஞ்சிமுத்து
மகன் பத்தாவது பாஸானதைப் போலச் சொன்னான்.

மூன்றே முக்காலுக்கு
மேற்கே ஒரு கிளை முறிந்தது.
பிறகு இன்னொன்று, கொஞ்சம் கிட்டத்தில்.
யாரும் பேசவில்லை.
வேலிக்கும் கம்ப்ரசருக்கும்
பக்கத்துப் பக்கத்தில் சுவிட்ச்,
இரண்டும் ஒரே சிவப்பு.
வஞ்சிமுத்து என்னைப் பார்த்தான்.
நான் வெப்பமானியைப் பார்த்தேன்.
எங்கள் இருவருக்கும் நடுவே கைநீட்டி
நஞ்சி அதைக் கீழே இறக்கினாள்.

இருட்டில் பெரிதாய் ஒன்று
அவசரமில்லாமல் கடந்து போனது.
அதன் பின்னால் சிறிதாய் ஒன்று.

நாலு மணி: மைனஸ் மூன்று புள்ளி ஒன்று.
குறிப்புப் பகுதியில் எழுதினேன்:
மேற்கு வேலி, நாற்பது நிமிடம் நிறுத்தம்.
காரணம்:
மின்சாரச் சேமிப்பு.