மற்றக் கை

இரண்டு நிமிடம் என்றுதான் நிறுத்தினேன்.
சைக்கிள்களுக்கென்று நகராட்சி பூசிய
சிவப்புப் பட்டையின் மேல் வேனின் பாதி உடம்பு,
மீதி நடைபாதையில்.
கார்க் நகரத்தில் எல்லோரும் அப்படித்தான் நிறுத்துவார்கள்,
குன்றிலிருந்து ஆற்றுக்கு இறங்கும் அந்தத் தெருவில்.
தூறல். பின்னால் தட்டுத் தட்டாய்ச் சூடான ரொட்டி.

கண்ணாடியைப் பார்த்தேன்.
நீதிமன்றத்திலும் அதைத்தான் சொன்னேன், பொய்யில்லை.
கண்ணாடியில் நான் பார்த்தது
என் பல்லிடுக்கில் ஓர் எள்.

அப்புறம் வலது கை தன் பாட்டுக்குக் கதவைத் திறந்தது.
முப்பது வருடமாய்த் திறக்கிற கை,
ரொட்டி பிய்க்கிற, கையெழுத்துப் போடுகிற,
சிலுவைக் குறியிடுகிற கை.
அதற்கு யாரும் எதுவும் சொல்லித்தர வேண்டாம்.
அதுதான் வினை.

சத்தம் பெரிதில்லை,
பக்கத்து அறையில் யாரோ அலமாரியைச் சாத்துவது போல.
பிறகுதான் அவள் பை வாய் பிளந்து
திருகிகள், கம்பளித் துண்டுகள், ஒரு வாழைப்பழம்.
கடைசியாக ஓர் இசைக்கவை
தார்ச்சாலையில் விழுந்து
பாடியது.
அத்தனை பிசிறில்லாத ஒரு சுரத்தை
அந்தத் தெரு அதற்கு முன் கேட்டிருக்காது.

பின்னால் வந்த பேருந்து
அவள் தலைக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.
ஓட்டுநர் இறங்கவில்லை.
துடைப்பான் ஆட ஆட, ஸ்டியரிங்கை விடாமல்
அப்படியே உட்கார்ந்திருந்தார்.

ஃபிடெல்மா க்ரோலி, வயது நாற்பத்தாறு, பியானோவுக்குச் சுதி சேர்ப்பவர்.
இதெல்லாம் பிற்பாடு காகிதத்தில் படித்தது.
அன்றைக்கு அவள் கேட்டது: மணி என்ன?
பத்து மணிக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம்.
காறையெலும்பு சட்டைக்குள்
கூடாரக் கம்பு போலத் தூக்கிக்கொண்டிருந்தது.

நான் சொன்ன முதல் வார்த்தை இது:
“நீங்கள் வந்ததை நான் பார்க்கவே இல்லையே.”
ஏதோ அவள் ஒளிந்து வந்தது போல.

அபராதம் கட்டினேன். ரசீது கொடுத்தார்கள்.

இப்போது இடது கையால் திறக்கிறேன்.
மார்பைத் தாண்டி அந்தக் கை கைப்பிடிக்குப் போக வேண்டுமென்றால்
தோள் திரும்ப வேண்டும்,
தோளோடு கழுத்து,
கழுத்தோடு கண்.
தெரு முழுக்க வந்துவிடுகிறது கண்ணுக்குள்.
இவ்வளவுதான் வித்தை.
முதல் மாதம் முழங்கை பட்டுப் பட்டு ஹார்ன் அலறியது.
மகன் டைக் விழுந்து விழுந்து சிரித்தான்.
அவன் இடப்பக்கம் உட்காருவதால்
அவனுக்கு வலது கை என்று சொன்னேன்.
பாதி நாள் மறந்துவிடுகிறான்.
பாதி நாள் நானும்.

சைக்கிளுக்குப் பின்னால் பொறுமையாய்ப் போனால்
எனக்கும் ஹார்ன் விழுகிறது.
நேற்று ஒருவன் உரசிக்கொண்டு முந்தினான்,
எனக்கு முன்னால் மிதித்துக்கொண்டிருந்த பெண்ணின் மழைக்கோட்டு
அவன் வேகத்தில் விசிறி அடங்கியது.
அடுத்த சிக்னலில், சிவப்புக்கு, இருவரும் பக்கத்தில் பக்கத்தில்.
திரும்பிப் பார்த்தேன்.
தினமும் நான் சவரம் செய்கிற முகம்.

போன செவ்வாய்
பள்ளிக்கூடத்துச் சமையலறைக்கு ரொட்டி இறக்கும்போது
மாடியில் ஒரே கட்டையை யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள்.
கொஞ்சம் தாழ்ந்து.
கொஞ்சம் தாழ்ந்து.
இன்னும் கொஞ்சம்.
“ஃபிடெல்மாதான்,” என்றாள் காவல்காரி டிம்ஃப்னா.
“தோள் தேவலையாம். ஆனால் சைக்கிளை விற்றுவிட்டாள்,
இப்போது பேருந்தில்தான். மழை நாளில் தாமதமாகிவிடுகிறது, பாவம்.”

மேலே போயிருக்கலாம்.
தட்டைக் கையில் வைத்துக்கொண்டு
படியடியில் நின்றேன்.
கட்டை சுதியில் போய் உட்கார்ந்தது,
அதே சுரம்.

வேனில் ஏறி, கதவைச் சாத்திய பிறகு
எந்தக் கையால் சாத்தினேன் என்று
நினைவில்லை.